றேமண்டுக்கு ஒதுக்கப்பட்ட கதிரை

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் நின்று "றேமண்ட்" என்று ஒரு தரம் கூப்பிட்டால் முன்பெல்லாம் நாலு கதவு திறக்கும். அதற்குக் காரணம் மாக்ரெட் என்ற மருத்துவிச்சி. வயிற்றில் பிள்ளை குறுக்காகக் கிடந்து தாய் உயிருக்குப் போராடுகிற வேளையில் அவள் புனித றேமண்டுக்கு நேர்த்தி வைப்பாள். பிள்ளை உயிரோடு வந்தால் அவருடைய பெயரைத்தான் வைக்கவேண்டும். ஆகவே எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு றேமண்ட் என்று பெயர் இருந்தால், அவன் சாகவேண்டியவன், எப்படியோ தப்பி வந்தவன் என்று விளங்கிக்கொள்ளலாம்.

தப்பி வந்த நாலு பேரும் பெயர் எடுத்தார்கள். ஒருவர் மேடையில் பைலா பாடினார். ஒருவர் கிரிக்கெட் நடுவரானார். ஒருவர் தொலைக்காட்சி நாடகங்களில் அடி வாங்குகிற வேலைக்காரனாக வந்து சிரிப்புக் காட்டினார். நாலாமவர் துறைமுக உதைபந்தாட்ட அணியின் கோல்காப்பாளர். நாட்டுக்காக ஒரேயொரு ஆட்டம் ஆடி, ஐந்து கோல் விட்டவர். ஒழுங்கையில் யாரும் குழம்பியதில்லை. பாட்டு றேமண்ட், தொப்பி றேமண்ட், அடி றேமண்ட், வலை றேமண்ட் என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

விளங்காமல் போனது அரசாங்கத்துக்குத்தான். ஆறேழு வருஷத்துக்கு முன் ஒரு பெரிய விழா நடந்தது. "இந்த நாட்டின் ஒப்பற்ற குரல்" என்று அமைச்சர் வாசிக்க, மேடை ஏறியவர் தொப்பி றேமண்ட். கடிதம் அவருடைய விலாசத்துக்குப் போயிருந்தது. அழைத்தால் போவதுதான் மரியாதை என்று அவர் நினைத்தார். விருதைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றார். மௌன அஞ்சலி என்று நினைத்து மண்டபம் முழுவதும் எழும்பி நின்றது. அமைச்சரும் நின்றார். யாருக்கு அஞ்சலி என்று அடுத்த நாள் பத்திரிகைகள் கேட்டன.

அதற்கடுத்த மாதம் பிரமுகர் பெயர்த் தெளிவாக்கல் அதிகாரசபை உண்டானது. விளையாட்டிலும் கலையிலும் ஒரே பெயரோடு பெயர்பெற்ற எல்லாருக்கும் அரசாங்கம் கொடுத்திருந்த சலுகை அட்டைகளும், தெளிவு வரும்வரை நிறுத்தி வைக்கப்பட்டன. ஒழுங்கையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வலை றேமண்டின் சிறுநீரகம் இரண்டும் பழுதாகும் மட்டும் சிரித்தோம்.

நான் அழகுமுத்து. கொச்சிக்கடையில் ஒரு கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற நாட்டாமை. வலை றேமண்ட் அண்ணனும் துறைமுக வேலை போன பிறகு அங்கேதான் வந்தார். லொறிக்கு மேலே நின்று நான் மூட்டையைத் தள்ளுவேன், கீழே நின்று அவர் மார்பில் வாங்குவார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு மூட்டையும் தரையில் விழவில்லை. அவர் வாங்குகிற நாளில் மூட்டைக்கே நோகாது என்று முதலாளி சொல்வார்.

நோய் வந்தபோது பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் வாரத்துக்கு ஒரு தரம்தான் இடம் கிடைத்தது. மூன்று தரம் வேண்டும் என்றார் டாக்டர். நாட்டுக்காக ஆடியவர்களுக்கு அங்கேயே தனி வார்ட் ஒன்று உண்டு. அதில் செவ்வாயும் வெள்ளியும் இடம் இருந்தது. அதற்கு அட்டை வேண்டும். அட்டைக்கு வெள்ளவத்தையில் இருந்த அந்த அதிகாரசபைக்குப் போகவேண்டும்.

அண்ணனின் மனைவி யூஜினா அக்கா என்னைத்தான் அனுப்பினா. நாற்பத்தொரு வயதில் கோயில் மண்டபத்து வகுப்பில் எழுத்துப் பழகியவன் நான். அக்காவோ நன்றாகப் படித்தவ. ஏன் என்னை என்று கேட்டேன்.

"படிச்சவங்கள் ஒரு வரியை விட்டிட்டு வாசிப்பாங்கள்," என்றா. "நீ விடமாட்டாய்."

அதிகாரசபை காலி வீதியிலிருந்து கடலுக்குப் போகிற ஒரு ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் இருந்தது. வாசலில் காவலாளி "அய்யே, டோக்கன்" என்று ஒரு துண்டை நீட்டினான். இலக்கம் ஒன்று. எனக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் இல்லை. இரண்டு மணித்தியாலம் இருந்தேன். பிறகு ஒன்றாம் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

பணிப்பாளர் அலவி நல்ல மனிதர். எனக்கு இருக்கக் கதிரை கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அலுமாரி, அலுமாரி முழுக்கக் கோப்பு.

"ஆறு வருஷமாக இந்தச் சபை இயங்குகிறது," என்றார். "இதுவரை ஒரு பிரமுகரையேனும் நாங்கள் பிழையாக அடையாளம் கண்டதில்லை. ஏனென்றால் இதுவரை ஒருவரையும் அடையாளம் காணவில்லை. அவசரப்பட்டால்தான் பிழை வரும்."

வாரத்துக்கு மூன்று தரம் தேவை, ஒரு தரம்தான் நடக்கிறது, காலெல்லாம் வீங்கிவிட்டது என்று சொன்னேன். அவர் கவலையோடு தலையாட்டினார்.

"அது சுகாதாரம். இது பெயர். இரண்டையும் கலந்தால் இரண்டுமே கெட்டுப்போகும்."

கிளார்க் பர்ஹா என்ற பிள்ளை படிவத்தைத் தந்தாள். பதினாலு பக்கம். பஸ்ஸில் இருந்து ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். ஒன்பதாம் கேள்வியில் நின்றுவிட்டேன். 'நீங்கள் எந்தெந்த றேமண்ட் இல்லை?' என்று கேட்டிருந்தது. மற்ற மூன்று றேமண்டிடமும், 'நான் அவர் இல்லை' என்று ஒரு கடிதமும், 'அவர் நான் இல்லை' என்று வேறாக ஒரு கடிதமும் வாங்கி, கிராம சேவகரின் கையொப்பத்தோடு இணைக்கவேண்டும். அடுத்த நாள் திரும்பப் போய், முதலாவது கடிதம் இருந்தால் இரண்டாவதும் அதிலேயே அடங்கிவிடாதா என்று கேட்டேன். புத்திக்கு அடங்கும், சட்டத்துக்கு அடங்காது என்றார் பணிப்பாளர்.

லொறி வராத நாட்களில் றேமண்டுகளைத் தேடி அலைந்தேன். பாட்டு றேமண்ட் கிராண்ட்பாஸில் ஒரு தையல்கடைக்கு மேலே குடியிருந்தார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"நான் கோலி இல்லையெண்டு எழுதித் தரலாம். நான் பாட்டுக்காரன்தான் எண்டு ஆர் எனக்கு எழுதித் தாறது?" என்று கேட்டுவிட்டுக் கையொப்பம் வைத்தார்.

தொப்பி றேமண்டின் வீடு பாமன்கடையில். வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் அந்த விருது நின்றது. எதற்கும் கையொப்பம் வைப்பாராம், தான் பாடகர் இல்லை என்று மட்டும் எங்கேயும் எழுதக்கூடாதாம். நாற்பது வருஷம் வெயிலில் நின்று விரல் தூக்கியதற்கு வீட்டில் மினுங்குகிற பொருள் அது ஒன்றுதான் என்றார்.

அடி றேமண்ட் வெள்ளவத்தையில் மகளோடு இருந்தார். நாடகத்தில் பார்த்த ஆள்போல இல்லை, ஒரு பகிடியும் விடவில்லை. வலை றேமண்டும் அவரும் சின்ன வயதில் துணிப்பந்து அடித்தவர்களாம். கடிதத்தை அழகாக எழுதி, கடைசியில் 'ஆனால் அவரை எனக்குத் தெரியும்' என்று ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரிக்காகக் கடிதம் திரும்பி வந்தது. தெரிந்தவர் சாட்சியாக இருந்தால் பக்கச்சார்பு வருமாம். வரியை வெட்டி எழுதித் தரும்படி திரும்பப் போய்க் கேட்டபோது அவர் பேனையை எடுக்க வெகுநேரம் ஆனது.

இப்படி ஏழு கிழமை போனது. அண்ணனுக்குத் தன்னுடைய சப்பாத்து ஏறாமல் போனது. என்னுடைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டார், பிறகு அதுவும் ஏறவில்லை. தண்ணீர் குடிக்க விடாததால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்பார். சொன்னால் சிரிப்பார். சிரித்தால் மூச்சு வாங்கும். அதனால் பிறகு சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

எல்லாக் கடிதமும் சேர்ந்த பிறகு 'நேரடித் தெளிவாக்கல் அமர்வு' என்று அழைப்பு வந்தது. நாலு றேமண்டும் நேரில் வந்து, தாங்கள் எதனால் பெயர்பெற்றார்களோ அதைச் செய்து காட்டவேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். இரத்தம் சுத்தம் செய்கிற ஊசி போடுவதற்காக அண்ணனின் இடது கையில் நரம்பை நரம்போடு தைத்து வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் காதை வைத்தால் தூரத்தில் லொறி ஓடுகிற மாதிரிக் கேட்கும். அந்தக் கையால் ஒரு போத்தல்கூடத் தூக்கக்கூடாது, அதில் அடி படவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை. சுத்தமான இரத்தம் உள்ளே போக இருந்த வழி அது ஒன்றுதான்.

அதை அமர்வுக்கு முன்பே பணிப்பாளரிடம் சொன்னேன்.

"அவர் பந்தைப் பிடிக்கவேண்டிய அவசியமே இல்லை," என்றார். "விட்டாலும் எங்களுக்குச் சம்மதம். அவருடைய கோப்பில் ஐந்து விட்டவர் என்றுதானே இருக்கிறது. ஆறாவதையும் விட்டால் பொருத்தமாகத்தான் இருக்கும்."

அண்ணனும் எனக்கு வாக்குத் தந்தார். சும்மா நிற்பாராம், பந்து போகிற பக்கம் பார்க்கவும் மாட்டாராம்.

மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் மூன்று நிபுணர்கள். நாலு றேமண்டுக்கும் கழுத்தில் இலக்கம் தொங்கியது. பாட்டு றேமண்ட் ஒரு பாட்டுப் பாடினார், நிபுணர்கள் மேசையில் தாளம் போட்டார்கள். நன்றாகத்தான் பாடுகிறார், ஆனால் விருது வேறொருவரிடம் இருப்பதால் மேலும் ஆராயவேண்டும் என்று எழுதினார்கள். தொப்பி றேமண்ட் விரலைத் தூக்கினார். விரலை யாரும் தூக்கலாமே என்று கேட்டார்கள். அப்படியென்றால் ஒரு நாள் முழுக்க நின்று காட்டட்டுமா என்று அவர் கேட்டார். நிற்கச் சொன்னார்கள். அடி றேமண்டை யாராவது அடிக்கவேண்டும் என்பதால் பியோனைக் கூப்பிட்டார்கள். அறை விழுந்ததும் அவர் சுழன்று விழுந்த விதத்தைப் பார்த்து நிபுணர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நடுநிலை கெட்டுவிட்டது என்று சொல்லி அவருடைய அமர்வை இரத்துச் செய்தார்கள்.

பிறகு சுவரோரம் இரண்டு கதிரையை வைத்து நடுவில் அண்ணனை நிறுத்தினார்கள். அவர் ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை விடச் சொன்னார்கள். விட்டார். பியோன் புதுப் பந்தொன்றைக் கொண்டுவந்தான். சபை தொடங்கியபோது வாங்கியதாம், இன்றைக்குத்தான் உறையைப் பிரித்தார்கள்.

அவன் மெதுவாகத்தான் அடித்தான். தரையோடு, இடது பக்கம்.

அந்த வேகத்தில் வந்த பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கலாம். அண்ணனின் கண் முதலில் போனது, தோள் போனது, பிறகு முழு உடம்பும் போனது. பத்தொன்பது வருஷமாக நான் மேலேயிருந்து பார்த்த அதே போக்கு. பந்தை மார்பில் வாங்கிக்கொண்டு, முழுப் பாரத்தோடு இடது கையின் மேல் விழுந்தார்.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். பந்தை விடாமல் அணைத்திருந்தார்.

"விடுவம் எண்டுதான் நிண்டனான், முத்து," என்றார். "கை கேக்கேல்லை."

பர்ஹா எழும்பி நின்றுவிட்டாள். செயலாளர் 'தடுத்தார்: ஆம்' என்று எழுதினார். அப்போது நடுவில் இருந்த நிபுணர் கையை உயர்த்தினார்.

"கோப்பில் உள்ள றேமண்ட் ஐந்துக்கு ஐந்தும் விட்டவர். இவர் ஒன்றுக்கு ஒன்று பிடிக்கிறார். இவர் அவர்தானா என்பதில் எனக்கு இப்போதுதான் சந்தேகம் வருகிறது."

முடிவு ஒத்திவைக்கப்பட்டது. நாங்கள் கீழே இறங்கும்போது தொப்பி றேமண்ட் இன்னும் மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் அண்ணனின் கையில் காதை வைத்தேன். லொறிச் சத்தம் இல்லை. இரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். கழுத்தில் குழாய் போட்டுப் பார்த்தார்கள், அதில் கிருமி பிடித்துக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு முடிந்துவிட்டது.

ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கட்டி, வாசலில் 'வலை றேமண்ட்' என்று பெரிதாக எழுதிப் படத்தோடு தொங்கவிட்டோம். மாதம்பிட்டி மயானத்துக்குப் பெட்டியைத் தூக்கியவர்கள் மற்ற மூன்று றேமண்டும் நானும். பாதையில் நின்ற ஒருவர் செத்தது யார் என்று கேட்டார். றேமண்ட் என்றார் பாட்டு றேமண்ட். தூக்குகிறது யார் என்று கேட்டார். அதுவும் றேமண்ட்தான் என்றார். அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்து அந்த மனிதர் விலகிப் போனார்.

ஒத்திவைத்த முடிவை எப்போது எடுத்தார்களோ தெரியாது, அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் பதிவுத் தபாலில் அட்டை வந்தது. 'றேமண்ட் (உதைபந்தாட்டம், கோல்காப்பாளர், முன்னாள்)' என்று பொன் எழுத்தில் போட்டு, செவ்வாயும் வெள்ளியும் ஆறாம் இலக்க மெஷின் ஒதுக்கப்பட்டிருப்பதாக முத்திரையும் குத்தியிருந்தது. படம் தொப்பி றேமண்டுடையது.

யூஜினா அக்கா அட்டையை வாங்கிப் பார்த்தா. அழவில்லை. "திருப்பிக் குடுத்திட்டு வா," என்றா. "செத்த மனுசன்ர பேரில இன்னொருத்தன்ர இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கக் கூடாது."

மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். பணிப்பாளர் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னார். மேசையில் கேக் வெட்டிய தட்டு இருந்தது. பத்திரத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். விரலால் ஒரு இடத்தைத் தொட்டார்.

"தொழில் என்ற இடத்தில் என்ன இருக்கிறது? நாட்டாமை. இறந்திருப்பவர் ஒரு கூலித் தொழிலாளி. எங்கள் பதிவில் இருப்பவர் ஒரு தேசிய வீரர். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது வழக்கம்தானே. இந்தக் குழப்பத்தை நீக்கத்தானே நாங்கள் இருக்கிறோம்."

"சேர், ரெண்டும் ஒரே ஆள். நான்தான் பெட்டியத் தூக்குனேன்."

"நீங்கள் அவருக்குத் தெரிந்தவர். உங்கள் சாட்சியை எடுக்க முடியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு வருஷத்தில் இந்தச் சபை தெளிவாக்கிய முதலாவது பிரமுகர் அவர். அமைச்சருக்கு அறிக்கை போய்விட்டது. உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் அவரை நாங்கள் சாகவிட முடியாது."

படியில் இறங்கும்போது பர்ஹா பின்னால் வந்தாள். அட்டையைத் திருப்பி எடுக்கிறதுக்கு இங்கே படிவமே இல்லை, நீங்களே வைத்திருங்கள் என்றாள். என்னுடைய முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அக்காவின் சொல் மனதில் கிடந்தது. சபை எடுக்காவிட்டால் பெரியாஸ்பத்திரித் தனி வார்ட்டிலாவது சொல்லி, இடத்தை விடுவித்துவிட்டு வரலாம் என்று அங்குள்ள கிளார்க்கைப் பார்க்க இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் அவர் கூட்டத்தில் இருந்தார். மூன்றாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நேராக மெஷின் இருக்கிற அறைக்கே போனேன்.

கண்ணாடிக்கு உள்ளே ஆறு மெஷின். ஐந்தில் ஆள் இருந்தார்கள். ஆறாவதில் வெள்ளைத் துணி விரித்த சாய்கதிரை, அதன் தலைமாட்டில் 'றேமண்ட் – செவ்வாய், வெள்ளி' என்று ஒரு கடதாசி. கதிரையில் ஒரு சுருக்கமும் இல்லை.

வெளியே போட்டிருந்த மரவாங்கில் நபீஸ் நானா இருந்தார். எங்கள் கிட்டங்கிக்குப் பருப்பு லொறி ஓட்டி வந்தவர். ஒரு வருஷமாகக் காணவில்லை. முகம் ஊதி, கால் இரண்டும் தூண்போல. பக்கத்தில் அவருடைய மனைவி ஷிஹாரா, மடியில் ஒரு கோப்போடு. சாதாரண வார்ட்டில் வாரத்துக்கு ஒரு தரம்தானாம். யாராவது வராவிட்டால் அந்த இடம் கிடைக்குமென்று விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்த கையோடு வந்து இங்கே குந்திக்கொண்டிருப்பாராம்.

"அந்தக் கதிரய பாத்தியா?" என்றார். "ஆரோ றேமண்டாம். பெரிய ஆள் போல. மூணு கிழமயா வாறதும் இல்ல, விடுறதும் இல்ல."

அவருடைய லொறியிலிருந்து எத்தனை மூட்டையை அண்ணன் மார்பில் வாங்கியிருப்பார். பெயர் கேட்டும் இவருக்கு விளங்கவில்லை, கிட்டங்கியில் எல்லாருக்கும் அவர் கோலி அண்ணன்தான்.

எட்டரைக்குக் கதவு திறந்தது. தாதி வந்து, சடங்குக்குச் சொல்வதுபோல மேலே பார்த்துக்கொண்டு கூப்பிட்டா.

"றேமண்ட்."

நடைபாதையில் யாரும் அசையவில்லை. சாகவேண்டியவன் தப்பி வந்தால் வைக்கிற பெயர் அது என்று மாக்ரெட் சொல்வாள்.

"இந்தா இருக்காரு," என்றேன்.

அட்டையைக் கொடுத்தேன். நபீஸ் நானா என்னைப் பார்த்தார். நான் அவருடைய அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். தாதி படத்தில் இருந்த தொப்பியைப் பார்த்தா, நானாவின் தலையில் இருந்த தொப்பியைப் பார்த்தா. இது வேறு தொப்பி என்று தெரியாமல் இருக்காது. ஷிஹாராவின் மடியிலிருந்து கோப்பை எடுத்து, இரத்தச் சோதனைத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி வாசித்தா. பிறகு அட்டையை அந்தத் தாள்களுக்கு மேலே வைத்துக் கிளிப்பைப் போட்டா.

"என்ன விளையாட்டு?" என்று கேட்டா. "கொப்பியில எழுதவேணும்."

நானா விழித்தார். கோலி என்று அவருடைய காதுக்குள் சொன்னேன்.

"கோலி," என்றார்.

எழுதினா. கதிரையில் அவரைச் சாய்த்து, ஊசியைக் குத்தி, மெஷினைப் போட்டா. குழாயில் சிவப்பு ஓடத் தொடங்கியது. தாதி அடுத்த ஆளிடம் போன பிறகு நானா என்னைக் கிட்ட வரச்சொல்லித் தலையசைத்தார்.

"ஆர்ர இடம் இது, முத்து?"

"நம்ம கோலி அண்ணனோடது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூடிய கண்ணோடே கேட்டார்.

"மனுசன் நாட்டுக்கு வெளயாடி அஞ்சு கோல் விட்டதெண்டு சொல்வாங்களே. மெய்யா?"

"மெய்தான், நானா," என்றேன். "ஆறாவதப் பிடிச்சிட்டாரு."